அவள் கை மரத்துப்போன வாரம்

அந்த வருஷம் எங்களுக்கு வந்த மாதிரித் துண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். குழந்தைப் போர்வை ஒன்றின் மூலையை வெட்டி, கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள். போர்வைகள் போகிற நாட்டில் இந்த மென்மைதான் வேண்டும், கொஞ்சம் முரடாக இருந்தாலும் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சென்னையிலிருந்து வந்த ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போனார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், வல்லத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் கூடம். பதினான்கு கைத்தறிகள், பக்கத்தில் ஒரு நூல் கொட்டகை. கொட்டகைக்கு நான் பொறுப்பு. வேதியியலில் பட்டமும் துணித் தொழிலில் டிப்ளமோவும் பெற்றவன். 1991-இல் எனக்கு நாற்பத்தொரு வயது.

இதை இப்போது எழுதுவதற்கு வயதாகிவிட்டது என்பதைத் தவிர நல்ல காரணம் எதுவும் இல்லை. எழுதுவதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

நூல் பார்த்து எடுப்பது பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்கிற வேலை. மில்லிலிருந்து நூல் சிட்டங்களாக வரும். சிட்டம் என்றால் பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல். ஒரு முழம் இழுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் முறுக்கைப் பிரித்துப் பார்ப்பேன். முறுக்கு ஏறிய நூல் தறியில் அறாது, ஆனால் துணி சொரசொரக்கும். முறுக்குக் குறைந்தது பஞ்சுபோல இருக்கும், ஆனால் பாவில் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும். நெசவாளிகளிடம் வசவு வாங்க வேண்டும். அதனால் நீளவாட்டில் ஓடும் பாவுக்கு ஒரு நூல், குறுக்கே போகும் ஊடைக்கு அதைவிடத் தளர்ந்த நூல் என்று பிரித்து வாங்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பருத்திக்கொட்டைத் தோல் கறுப்புப் புள்ளியாகத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்தக் கட்டு முழுவதும் திரும்பிப் போகும்.

அதற்குப் பிறகுதான் பதப்படுத்தும் வேலை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, காய்ந்த நூல் விறைத்துக்கொள்ளும். ஆகவே ஏரித் தண்ணீரை டிராக்டரில் டேங்க் வைத்துக் கொண்டுவந்தோம். ஒரு நாள் ஊறவைத்து, சோடாவும் சோப்பும் போட்டு அண்டாவில் வேகவிட்டு, மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய்க் கரைசல் கலந்து, பிழிந்து, கம்பில் மாட்டி உதறி, நிழலில் காயவைப்போம். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது என்பது புத்தகத்தில் இல்லை. எனக்கும் தெரியாது. அது அவளுக்குத் தெரியும்.

அவள் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மருமகள். எங்களுக்கு ஏரித் தண்ணீர் கொண்டுவரும் டிராக்டரை ஓட்டியவன் அவள் கணவன். கொட்டகையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வயது இருபத்தாறு இருக்கலாம். காய்ந்த சிட்டத்துக்குள் வலது கையை முழங்கை வரை நுழைப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் நூல் உரசும்படி மெதுவாக இழுத்து எடுப்பாள். விரலால் தொட்டுப் பார்ப்பதை அவள் மதிக்கவே மாட்டாள்.

“வெரல்ல காப்பு காச்சிகீது சார். அதுக்கு இன்னா தெரியும்?” என்பாள்.

“ஆச்சி” என்றால் அந்தச் சிட்டம் தறிக்குப் போகும். “இன்னொரு தபா” என்றால் மறுபடி அண்டாவுக்குப் போகும். ஒருமுறை அவளைச் சோதிக்க நினைத்து, காலையில் பார்த்த சிட்டம் ஒன்றைக் கட்டு மாற்றி மத்தியானம் கொடுத்தேன். கையை நுழைத்து எடுத்துவிட்டு, “இது காலைலயே ஆச்சின்னு சொன்னது. நீ ஏன் சார் திருப்பி எடுத்தாந்த?” என்று கேட்டாள். அதன் பிறகு நான் அவளைச் சோதித்ததில்லை.

நெசவாளிகளுக்கு இதெல்லாம் வேடிக்கை. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த வயதான ஒருவர் தறியிலிருந்தபடியே சொல்வார்: “எங்கூட்டுப் பசங்கள்லாம் பழைய பொடவக் கிழிசல்ல வளந்துதுங்க. இதுங்களுக்கு மட்டும் இன்னா, தோலு வெண்ணெயில செஞ்சிகீதா?”

“நீ போத்திகினு தூங்கறது கோணி மாமா. உனக்கு எப்டி தெரியும்?” என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அவர்தான் முதலில் சிரிப்பார்.

கல்யாணமாகி ஏழு வருஷம் அவளுக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. மாமியாருடைய தம்பிக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்தப் பெண்ணை இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கலாம் என்ற பேச்சு வீட்டில் அவள் காதுபடவே நடந்தது. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒவ்வொரு கிருத்திகைக்கும் போய்வந்தாள். அந்த வருஷம் தை மாதக் கடைசியில் மறுபடி உண்டானது. மூன்று மாதம் தாண்டியதும் என்னிடம் வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னது விளையாட்டு இல்லை.

“இது தங்கிச்சின்னா நான் அந்த வூட்ல இருப்பேன் சார். இல்லன்னா என் துணிய மூட்ட கட்டிகினு எங்கம்மா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்.”

கனமான ஈரச் சிட்டங்களைத் தூக்க வேண்டாம், காய்ந்ததைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று அவளுக்கு மட்டும் வேலையைக் குறைத்தேன். என்னை நல்லவன் என்று நானே நினைத்துக்கொண்ட சில நாட்களில் அதுவும் ஒன்று.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் சாலையெங்கும் போலீஸ். நூல் ஏற்றி வந்த வண்டிகளை நிறுத்திக் கட்டுகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். நெசவாளிகள் பாதிப்பேர் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. வேலை அப்படியே பின்தங்கி, முடிக்க வேண்டியதெல்லாம் செப்டம்பர் மாதத்தின் மேல் வந்து விழுந்தது. ஏஜென்ட் இன்னொரு தவணை தர முடியாது என்றார்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. வளைகாப்பு முடிந்தால் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவளுடைய அம்மா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அந்த அம்மாள் பல பிரசவங்கள் பார்த்தவள். அவர்கள் வீட்டுக்கு அருகிலேயே பெரிய ஆஸ்பத்திரியும் இருந்தது. வளைகாப்பு அன்று சாயங்காலம் நான் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் பிள்ளைப்பாக்கம் போனேன். வாழ்த்தத்தான் வந்திருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“மூணு வாரம் போதும். இந்த ஆர்டர் முடிஞ்சதும் நானே வண்டி வச்சு அனுப்பறேன்” என்று சொன்னேன்.

“துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டா சார். நான் இட்டுகினு போலாம்னுதான் வந்தேன்” என்றாள் அவளுடைய அம்மா.

மாமியார் நடுவில் புகுந்தாள். “சார் வூடு தேடி வந்து கேக்கறாரு. மூணு வாரத்துல இன்னா ஆயிடும்? இவ இன்னா மூட்டையா தூக்கறா, ஒக்காந்த எடத்துல நூலத் தடவறா.”

அவள் நடைக்கு அருகே நின்றிருந்தாள். இரண்டு கையிலும் நிறையக் கண்ணாடி வளையல். எனக்காகவோ மாமியாருக்காகவோ தலையை ஆட்டினாள். அவளுடைய அம்மா, தான் கொண்டுவந்த பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போனாள்.

வளைகாப்பு வளையல்களைப் பிரசவம் ஆகும்வரை கழற்றக்கூடாது. அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. சிட்டத்துக்குள் கையை விட்டால் வளையல் விளிம்பு நூலைக் கௌவியது. கொட்டகையில் எந்தப் பக்கம் இருந்தாலும் அவள் இருக்குமிடம் கலகலவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நூல் சிக்குகிறது, ஒரு துணியைச் சுற்றிக்கொள் என்றேன். சுற்றிக்கொண்டாள். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். துணியும் இல்லை. வளையல்கள் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறி அசையாமல் நின்றன. நூலில் சிக்குவது நின்றதே என்று நிம்மதிப்பட்டேன். நான் நினைத்தது அவ்வளவுதான். வளையல்கள் தாமாக அசையாமல் நிற்காது, கைதான் வீங்கி அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தின்போது இப்படித்தான் கை வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைத்து, படுக்கையிலேயே இருக்கச் சொன்னார். வீக்கத்தோடு தலைவலியோ கண் மங்கலோ வந்தால் நேரம் பார்க்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று என்னிடமே சொன்னார். அதையெல்லாம் நான் மறந்துவிடவில்லை. வீட்டில் தெரிந்தது கொட்டகையில் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரத் திங்கட்கிழமை அவள் “ஆச்சி” என்று சொன்ன ஒரு சிட்டத்தைத் தற்செயலாகத் தொட்டேன். என் முரட்டுக் கைக்கே அது சொரசொரப்பாக இருந்தது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நன்றாக வெந்த ஒரு கட்டு முழுவதையும் “இன்னொரு தபா” என்று ஒதுக்கினாள். மறுபடி வேகவைத்தோம். நூல் நைந்து, தறியில் ஏற்றினால் அறுந்தது. வயதான நெசவாளி கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, போர்வைக்கு நூல் குடுக்கறியா, பீத்தத்துணிக்குக் குடுக்கறியா? காலைலேந்து முடிச்சு போட்டுகினு கீறேன்.”

அவள் பதிலுக்கு எதுவும் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

நான் மில்லின் மேல் சந்தேகப்பட்டேன். முறுக்கு மாறிவிட்டதா, வேறு பஞ்சு கலந்துவிட்டார்களா என்று பிரித்துப் பார்த்தேன். ஏரித் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்துச் சோப்பு நுரை பார்த்தேன். சோடாவின் அளவைக் குறைத்தேன். நல்ல நூல் இரண்டு கட்டை மில்லுக்குத் திருப்பி அனுப்பிப் புகார்க் கடிதமும் எழுதினேன். எல்லாவற்றையும் சோதித்தேன். அவளை மட்டும் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை அவளே என் மேசைக்கு வந்தாள். கொஞ்ச தூரத்தில் அண்டாவில் நூலைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாளைத் தவிர வேறு யாரும் இல்லை.

“கை மரத்துப் போச்சி சார்” என்றாள். “காலைல ஏந்திரிச்சா பஞ்சு மூட்ட மாரி கீது. நூலு தெரியல எனக்கு. நேத்து சும்மாதான் சொன்னேன்.”

“எத்தனை நாளா?”

“நாலு நாளா.”

நான் என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து, நான்கு நாளாக அவள் பார்த்த சிட்டங்களைத் தேடிப் போனேன். அவற்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். தறிக்குப் போய்விட்டவை எவை என்று நெசவாளிகளிடம் விசாரித்தேன். அவள் கையை நான் ஒரு கருவியாகத்தான் நினைத்திருந்தேன். கருவி பழுதானால் அதை வைத்து அளந்ததையெல்லாம் திரும்ப அளக்க வேண்டும் என்றுதான் நான் படித்திருந்தேன். கருவிக்கு என்ன ஆனது என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் மேசைக்கு முன்னால் நின்றபடியே இருந்தாள். நான் திரும்பி வந்து, “இடது கையால பாரும்மா, பழகிடும்” என்றேன்.

“ரெண்டும் அப்டிதான் சார் கீது” என்றாள்.

இதை அவள் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். அந்த வீட்டில் அவளுடைய உடம்பைப் பற்றிய ஒவ்வொரு வார்த்தையும் அந்த இன்னொரு பெண்ணின் பேச்சில் போய் முடியும். கால் வலிக்கிறது என்றால்கூட, தாங்காத உடம்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் என்னிடம் சொன்னாள். நூலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னால் அது புகாராகத் தெரியாது என்று நினைத்திருக்கலாம்.

வியாழக்கிழமை தலை இடிக்கிறது என்றாள். கண்ணில் பூச்சி பறப்பதுபோல இருக்கிறது என்றாள். வெளிச்சம் போதவில்லை என்று முடிவுசெய்து, அவளுடைய மணையைக் கதவோரம் போடச் சொன்னேன். என் மேசையிலிருந்த தலைவலி மாத்திரை ஒன்றையும் கொடுத்தேன். அண்டா பார்த்த அம்மாள் அவளுடைய முகத்தைப் பார்த்து, “மூஞ்சி உப்பிகினு பளபளன்னு கீதே. பொண்ணுதாண்டி உனக்கு” என்று சிரித்தாள். “பொண்ணோ பையனோ, பொறந்தா சரி” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். காய்ந்த சிட்டம் ஒன்றில் கையை விட்டவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். கண் மேலே செருகி, கை காலெல்லாம் வெட்டி இழுத்தது. சிட்டம் முழங்கையிலேயே மாட்டியிருந்தது. வெளியே டெம்போ நின்றது. அதில் அன்று மில்லிலிருந்து வந்த நூல் கட்டுகள் இருந்தன. நான் ஓடிப்போய் அவற்றை இறக்க ஆரம்பித்தேன்.

“எதுக்கு சார் எறக்கற? அது மேலயே படுக்க வை” என்றாள் அண்டா பார்த்த அம்மாள். அதன் பிறகுதான் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஊசி குத்துவதற்காக நர்ஸ் அவளுடைய வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்தெடுக்க வேண்டியிருந்தது. குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தது. ஆண் குழந்தை. அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வார்டுக்குப் போனேன். கட்டிலைச் சுற்றிக் கணவனும் மாமியாரும் நின்றிருந்தார்கள். அவளுடைய அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைவு நன்றாக இருந்தது, முகத்தில் மட்டும் இன்னும் வீக்கம் இருந்தது. வார்டைப் பார்த்துக்கொண்டு வந்த பெண் டாக்டர் அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“கை கால் வீக்கம், தலைவலி, இதெல்லாம் ஒரு வாரமா இருந்திருக்கும். யார்கிட்டயும் சொல்லலையா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பிரஷர் பார்த்து ஏதாவது செஞ்சிருக்கலாம்.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் மாமியார் குனிந்து கேட்டாள். “ஒரு வார்த்த சொன்னியாடி? நானும் என் புள்ளையும் வூட்ல மரம் மாரிதான கீறோம். ஒரு வார்த்த சொன்னியா?”

“சார்கிட்ட சொன்னேன்” என்றாள் அவள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சொன்னாளா சார்?” என்று கேட்டான். அவன் கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் என்னைத்தான் ஏசியிருப்பான், ஒருவேளை அடித்திருப்பான். அவளைக் குற்றம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வழி இருந்திருக்காது. அந்த ஒரு வார்த்தையில் அவள் அங்கே இருப்பதும் இல்லாமல் போவதும் இருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

“நூல் சரியா தெரியலைன்னுதான் சொன்னா. உடம்புக்குன்னு ஒண்ணும் சொல்லலையே” என்றேன்.

அது முழுப்பொய்யும் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை அவ்வளவு சீக்கிரத்தில் எப்படி அமைத்தேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். படிப்பு அதற்குத்தான் உதவியது.

அவள் என்னையே பார்த்தாள். வாதாடுவாள் என்று நினைத்தேன். கை மரத்துப் போனது, தலை இடித்தது, மாத்திரை கொடுத்தீர்களே என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள் என்று பயந்துகொண்டு நின்றேன்.

“ஆமா. நூலத்தான் சொன்னேன்” என்றாள்.

மாமியார் நிமிர்ந்து நின்று, அந்தப் பக்கத்துக் கட்டில்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். “வேல மேல கீற கவல வயித்துல கீற புள்ள மேல இல்ல. அவ்ளோதான், நான் வேற இன்னா சொல்றது.”

நான் கொண்டுபோன பழப்பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஏஜென்ட் வந்தார். அவள் கை மரத்திருந்த நாட்களில் பார்த்த சிட்டங்களை நான் தனியே வைத்திருந்தேன் அல்லவா, நாள் நெருங்கியதும் அவற்றையும் தறிக்கு அனுப்பிவிட்டேன். எல்லாம் கலந்து நெய்தாகிவிட்டது. ஏஜென்ட் மடித்து வைத்திருந்த போர்வைகளிலிருந்து நடுவில் ஒன்றை உருவிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். மாதிரித் துண்டைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. “நல்லா வந்திருக்கு சார், பேக் பண்ணிடலாம்” என்றார். ஒரு போர்வைகூடத் திரும்பி வரவில்லை. நன்றாக வெந்ததற்கும் வேகாததற்கும் இருந்த வித்தியாசம் அவருக்கும் தெரியவில்லை, வாங்கியவர்களுக்கும் தெரியவில்லை. வளைகாப்பு அன்றே அவளை அவளுடைய அம்மாவோடு அனுப்பியிருந்தாலும் அந்தப் போர்வைகள் அப்படியேதான் போயிருக்கும்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்தே அவளுடைய அம்மா ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். கணவன் வீட்டிலிருந்து யாரும் அழைக்கப் போகவில்லை. தண்ணீர் கொண்டுவர வேறு டிராக்டர் வந்தது. தை பிறந்ததும் அவனுக்கு மாமன் மகளோடு கல்யாணம் நடந்தது. அண்டா பார்த்த அம்மாள்தான் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கிளறும் கம்பை அண்டாவின் மேல் குறுக்கே வைத்தாள்.

“கை மரத்துப் போச்சின்னு அவ சொன்னத நானும் கேட்டேன் சார்.”

“அப்போ நீங்க ஏன் சொல்லல?” என்றேன். கேட்டதற்கு இன்றைக்கும் கூசுகிறேன்.

“நான் சொன்னா எடுபடுமா? நீ படிச்சவன், நீ சொல்லுவன்னு நெனச்சேன்.”

மறுபடி கம்பை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நூல் சம்பந்தமாகத் தவிர என்னோடு அவள் பேசியதில்லை. மற்றவர்கள் என்னிடம் வழக்கம்போலவே பழகினார்கள். சிட்டம் பார்த்தவளுக்குப் பதிலாக வேறு பெண் ஒருத்தியை வைத்தேன். ஒவ்வொரு சிட்டமாகப் பார்க்காமல், மணியைப் பார்த்து இறக்கச் சொன்னேன். அதுவும் போதுமானதாகவே இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து நான் பிள்ளைப்பாக்கம் போனேன். அதற்கு முன்னால் மூன்று நான்கு தடவை பாதி வழி போய்த் திரும்பியிருக்கிறேன். அன்று வீட்டில் மாமியார் மட்டும் இருந்தாள். மடியில் நான்கைந்து மாதக் குழந்தை ஒன்று கிடந்தது. இரண்டாவது மருமகளின் குழந்தை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னிடம் எப்போது, என்னென்ன சொன்னாள், நான் என்ன செய்தேன், ஆஸ்பத்திரியில் எப்படி மாற்றிச் சொன்னேன் என்று ஒன்றையும் விடவில்லை. தப்பு அவள்மேல் இல்லை என்று முடித்தேன்.

அந்த அம்மாள் கத்தவில்லை. குழந்தையைத் தோளுக்கு மாற்றி முதுகில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“இப்ப இன்னா பண்ணச் சொல்ற சார்? இவள அனுப்பிட்டு அவள இட்டாரட்டுமா?”

நான் குழந்தையைப் பார்த்தேன்.

“அன்னிக்கு சொல்லியிருந்தா நான் உன்னத்தான் மண்ணள்ளித் தூத்தியிருப்பேன். அவள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நானும் பொம்பளதான சார். இப்ப வந்து என் தலையில கொட்டிட்டுப் போற. என்கிட்ட எதுக்கு சொல்ற, அவகிட்ட போய் சொல்லு.”

குழந்தை ஏப்பம் விட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பினேன்.

நான் அவளிடம் போகவில்லை. முதலில், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைக் கிளற வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு கூடம் மூடப்பட்டது, நான் வேறு வேலைக்குப் போனேன், பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று காரணங்கள் இருந்தன. கூடம் இருந்த இடத்தில் இப்போது கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியின் சுற்றுச்சுவர் ஓடுகிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவளுடைய அம்மா ஊருக்கு அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவளுக்கு இப்போது அறுபது வயது இருக்கும், இருந்தால். வேறு கல்யாணம் ஆனதா, குழந்தை பிறந்ததா, யாரோடு இருக்கிறாள், எதுவும் எனக்குத் தெரியாது. யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரித்தால் ஊரைச் சொல்லிவிடுவார்கள், பிறகு போகாமல் இருக்க முடியாது.

இதைப் படிக்கிறவர்கள், இனியாவது போய்ப் பாருங்கள் என்று சொல்லக்கூடும். என் மகளும் அதைத்தான் சொன்னாள். சரி என்றேன். எனக்கு என்னைத் தெரியும். மாமியாரிடம் போய்ச் சொல்ல முடிந்தது, முன்பின் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. அவள் முன்னால் போய் நின்றால் அவள் ஏதாவது கேட்பாள், அல்லது எதுவும் கேட்கமாட்டாள். இரண்டையும் தாங்க என்னால் ஆகாது. நான் போகமாட்டேன்.